என் குடும்பத்தில் எத்தனை பேர்?



தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் எவரும் "என் குடும்பம்" என்னும் கட்டுரையைக் கற்பிக்காமல் இருந்திருக்க முடியாது. நானும் பலமுறை கற்பித்திருக்கிறேன். கரும்பலகையில் மாதிரி வாக்கியங்களை எழுதிப் போடுவேன். "என் குடும்பத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். என் தந்தை தினமும் வேலைக்குச் செல்வார். என் தாயார் சுவையாகச் சமைப்பார்." மாணவர்கள் பெயர்களை மட்டும் மாற்றி எழுதுவார்கள். நானும் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, சரி போட்டுக் கொடுத்துவிடுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கோப்பெங் வட்டாரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் அக்கட்டுரையை மிக நன்றாக எழுதியிருந்தான். மாலையில் தந்தை வீடு திரும்பியதும் அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடைக்குச் செல்வாராம். தாயார் இரவில் பாடம் சொல்லிக் கொடுப்பாராம். பிழையில்லாத தமிழ். வகுப்பில் அதனை உரக்க வாசித்துக் காட்டி, அனைவரையும் கைதட்டச் சொன்னேன்.

தேர்வு அறிக்கை வழங்கும் நாளன்று அவனுடன் ஒரு மூதாட்டி வந்தார். பெற்றோர் வரவில்லையா என்று கேட்டேன்.

"அவங்க எங்க ஐயா வர்றது? இவன் அம்மா பினாங்குல கம்பெனி வேலை, மாசத்துக்கு ஒரு தடவ வரும். அப்பா சிங்கப்பூர்ல லோரி ஓட்டுறாரு. தீபாவளிக்குப் பாத்தா உண்டு. நான்தான் ஐயா எல்லாத்துக்கும்."

நான் மாணவனைப் பார்த்தேன். அவன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கைதட்டச் சொன்ன கட்டுரையில் பாட்டி என்ற சொல்லே இல்லை. அவனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பொய்யை அவனுக்குக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவன் நான்தானே!

அன்று முதல், குடும்பம் என்று நாம் பள்ளியில் எதனைச் சொல்கிறோம் என்ற கேள்வி என்னை விடவில்லை. குடும்பங்கள் எவ்வாறு வளர்கின்றன, மாறுகின்றன என்று அறிஞர்கள் கூறியிருப்பவற்றைத் தேடிப் படித்தேன். அவற்றுள் நமக்குப் பயன்படுபவை எவை, பொருந்தாதவை எவை என்பது குறித்து என் கருத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எட்டுப் படிகள்

குடும்ப வளர்ச்சிக் கோட்பாடுகளில் பரவலாக அறியப்பட்டது அமெரிக்கரான எவலின் டூவால் அம்மையார் உருவாக்கியது. 1940களின் இறுதியில் ரூபன் ஹில் என்னும் சமூகவியலாளருடன் இணைந்து இக்கருத்தை அவர் வளர்த்தெடுத்தார். 1957ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தனிமனிதனுக்குக் குழந்தைப் பருவம், இளமை, முதுமை என்று பருவங்கள் இருப்பது போலவே குடும்பத்துக்கும் பருவங்கள் உண்டு என்பது அவர் கருத்து.

அவர் வகுத்த படிகள் எட்டு. பிள்ளை இல்லாத புதுமணத் தம்பதியர் முதற்படி. கைக்குழந்தை உள்ள குடும்பம் இரண்டாம் படி. அடுத்து, பள்ளிக்குச் செல்லாத சிறு பிள்ளை உள்ள குடும்பம். ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான பள்ளிப் பிள்ளை உள்ள குடும்பம் நான்காம் படி. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் சந்திப்பது இப்படியில் உள்ள குடும்பங்களைத்தான். பின்னர்ப் பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பம், பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டைவிட்டு வெளியேறும் காலம், பெற்றோர் மீண்டும் இருவராக வாழும் நடுவயது, இறுதியாகப் பணி ஓய்வும் முதுமையும்.

குடும்பம் எந்தப் படியில் இருக்கிறது என்பதை மூத்த பிள்ளையின் வயதைக்கொண்டு டூவால் கணக்கிட்டார். மூத்த பிள்ளை பள்ளியில் சேர்ந்தால் அக்குடும்பம் நான்காம் படிக்கு வந்துவிட்டது என்று பொருள். கேட்பதற்கு எளிமையாகவும் தெளிவாகவும் இருக்கிறது. நம் பாடநூல்களில் வரும் குடும்பமும், பள்ளிப் பதிவுப் பாரமும், நம் மனத்தில் உள்ள படமும் ஏறத்தாழ இந்தப் பட்டியலை ஒட்டியே அமைந்துள்ளன.

சரி, அந்தப் பாட்டியை இப்பட்டியலில் எங்கே வைப்பது? அறுபது வயதைத் தாண்டியவர், பிள்ளைகள் வெளியேறிவிட்டனர், கணவரும் காலமாகிவிட்டார். ஆகவே அவர் எட்டாம் படியில் இருக்க வேண்டும். ஆனால் விடியற்காலையில் பேரனை எழுப்பிக் குளிக்க வைத்துப் பள்ளிக்கு அனுப்புகிறார். அவன் புத்தகப்பையைச் சரிபார்க்கிறார். இது நான்காம் படியின் வேலை. அவனுடைய பெற்றோரோ நான்காம் படியில் இருக்க வேண்டியவர்கள். வேலையின் பொருட்டு ஆளுக்கொரு நகரில் தனியாட்களைப் போல வாழ்கிறார்கள். ஒரே குடும்பம் ஒரே நேரத்தில் மூன்று படிகளில் நிற்கிறது.

பட்டியலுக்குள் அடங்காத குடும்பத்தை "சீர்குலைந்த குடும்பம்" என்று நாம் ஆசிரியர் அறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்பதை உணர நம் வட்டாரத்தின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தின் மணியோசை

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் கெல்லி மாளிகை இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். பள்ளிச் சுற்றுலாவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்கிறோம். கின்டா கெல்லாஸ் தோட்டத்தின் உரிமையாளரான வில்லியம் கெல்லி ஸ்மித் தம் குடும்பத்துக்காக எழுப்பிய அந்த மாளிகை, 1926ஆம் ஆண்டில் அவர் லிஸ்பன் நகரில் இறந்தபோது நின்றுபோயிற்று; இன்றுவரை முடிக்கப்படாமலேயே நிற்கிறது. மாளிகையைப் பார்க்க வருவோர் அதைக் கட்டுவதற்கு உழைத்த தமிழர்களைப் பற்றி ஓரிரு வரிகள் கேட்டுச் செல்கிறார்கள். அந்தத் தமிழர்களின் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுப்பது 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கியது. கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று, உற்றாரையும் ஊராரையும் திரட்டிக்கொண்டு வருவார். தொடக்கத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவி ஊரில், கணவர் மலாயாவில் என்பதே அன்று பலருடைய முதற்படி. அந்தக் குடும்பங்கள் கடலின் இரு கரைகளிலும் இருந்தன. தந்தை வேற்றிடத்தில் உழைத்துப் பணம் அனுப்புவதும், பிள்ளையை வேறொருவர் வளர்ப்பதும் சிங்கப்பூரில் லோரி ஓட்டுபவர் காலத்தில் தோன்றிய புதுமை என்று எண்ணிவிட வேண்டாம்.

பிறகு குடும்பங்கள் தோட்டங்களில் வேரூன்றின. லயத்து வீடு, மாரியம்மன் கோயில், ஆயாக் கொட்டகை, தோட்டப் பள்ளி என்று ஒரு முழு வாழ்க்கை உருவானது. அந்த வாழ்க்கையின் நேரத்தை நிர்ணயித்தது தோட்டம். விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும். தாய் பால்மரம் வெட்டச் செல்லும்முன் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்ல வேண்டும். ஒருவர் சம்பளம் போதாது. ஆதலால் பிள்ளைகளும் மங்கு துடைக்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் உடன் செல்வார்கள். இதைவிட முக்கியமானது வீடு. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே வீடு. தந்தை ஓய்வுபெற்றால், பிள்ளைகளுள் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தோட்டத்தில் பதிய வைத்த பெற்றோரைக் "கல்வியின் அருமை தெரியாதவர்கள்" என்று பேசியிருக்கிறோம். அவர்களில் பலர், முதியோரின் தலைக்குமேல் கூரை இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள்.

இதற்கிடையே பெரும் அடிகளும் விழுந்தன. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து ஆண்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. பின்னர், 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் தேவைப்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தமிழர்கள் தமிழகத்துக்குக் கப்பலேறினர். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது குறைந்த ஆட்களே தேவைப்பட்டனர். 1985ஆம் ஆண்டில் ஈய விலை சரிந்து கின்டா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. இளைஞர்கள் ஈப்போவுக்கும், பினாங்குக்கும், கோலாலம்பூருக்கும், ஜொகூருக்கும் சென்றனர். முதியோர் இங்கேயே தங்கினர். பேரப்பிள்ளைகள் அவர்களிடம் வந்து சேர்ந்தனர்.

அந்தப் பாட்டியும் தோட்டத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் உளி பிடித்தவர். தோட்டம் கைமாறியபோது லயத்தைவிட்டு வெளியேறி, மலிவுவிலை வீட்டுக்குக் குடிவந்தவர். அவருடைய குடும்பத்தின் ஒவ்வொரு திருப்பத்தையும் மூத்த பிள்ளையின் வயது மட்டுமா முடிவு செய்தது? தோட்ட நிருவாகமும், சட்டமும், ஈய விலையும் சேர்ந்தல்லவா முடிவு செய்தன?

காலமும் வயதும்

டூவாலுக்குப் பின்வந்த அறிஞர்கள் இந்தக் குறையைக் கண்டுகொண்டனர். கிளென் எல்டர் என்பவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் 1930களின் பொருளாதார மந்தத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். குடும்பத்தைப் புரிந்துகொள்ள, அது எந்த வரலாற்றுக் காலத்தில் வாழ்ந்தது என்பதையும், அந்த நிகழ்வு நேர்ந்தபோது ஒவ்வொருவருக்கும் என்ன வயது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஒருவர் வாழ்க்கை மற்றவர் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது என்பதும் அவர் கருத்து.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரே நாளில் ஒரு தோட்டம் மூடப்படுகிறது. ஐம்பது வயதுக்காரர் வேலையோடு வீட்டையும் இழக்கிறார். வேறு தொழில் கற்க வயதில்லை. பதினெட்டு வயதுக்காரர் தொழிற்சாலை வேலைக்குப் பேருந்து ஏறுகிறார். அவருக்கு அது விடுதலையாகவும் இருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை பள்ளி மாறுகிறது. நண்பர்களையும், ஓடி விளையாடிய திடலையும் இழக்கிறது. ஒரே குடும்பம், ஒரே நிகழ்வு. ஆனால் மூவருக்கும் மூன்று விளைவுகள்.

தமரா ஹரேவன் என்னும் வரலாற்றாசிரியர், அமெரிக்காவின் மான்செஸ்டர் நகரில் இருந்த ஒரு மாபெரும் துணி ஆலையின் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி 1982ஆம் ஆண்டில் நூல் எழுதினார். குடும்பத்தின் நேரம் ஒன்று, ஆலையின் நேரம் இன்னொன்று. இரண்டும் மோதும்போது குடும்பங்கள் செயலற்றுக் கிடக்கவில்லை. உறவினரைத் துணைகொண்டு சமாளித்தன என்று அவர் காட்டினார். அதைப் படித்தபோது ஆலை இருந்த இடத்தில் என் கண்ணுக்குத் தோட்டமே தெரிந்தது. பேரனைப் பாட்டியிடம் விட்டுச் செல்வதும் அத்தகைய சமாளிப்புதான். குடும்பம் உடையாமல் இருப்பதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு அது. அதனையே நாம் உடைந்ததற்கு அடையாளமாகக் கொள்கிறோம்.

அப்படியானால் டூவாலைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். அவருடைய படிகளைவிட மதிப்புள்ள கருத்து ஒன்று அவரிடம் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் குடும்பம் நிறைவேற்ற வேண்டிய கடமைகள் உண்டு என்றார் அவர். உணவும் உறைவிடமும் தருதல், வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுதல், பிள்ளைகளைச் சமூகத்துக்கு ஏற்றவாறு பழக்குதல், ஒழுங்கைக் காத்தல், ஒருவரையொருவர் ஊக்குவித்தல் முதலியவை அக்கடமைகள். இவற்றைச் செய்வது யார் என்ற இடத்தில் தந்தையும் இருக்கலாம், தாயும் இருக்கலாம், பாட்டி, சித்தி, மாமா எவரும் இருக்கலாம். பிள்ளைக்குத் தேவை அக்கடமைகள் நிறைவேறுவது. ஆகவே, ஆசிரியர் கேட்க வேண்டியது "உன் வீட்டில் எத்தனை பேர்?" என்பதைவிட, "உன்னை யார் எழுப்பிவிடுகிறார்? வீட்டுப்பாடத்தை யார் பார்க்கிறார்? காய்ச்சல் வந்தால் பள்ளிக்கு யார் வருவார்?" என்பதே.

எதிர்ப்புரைகள்

இக்கருத்தை நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு மறுப்புகள் வந்தன.

முதலாவது: "பொறுப்பற்ற பெற்றோருக்கு நீங்கள் சாக்குத் தேடிக் கொடுக்கிறீர்கள்." அந்த அச்சம் நியாயமானது. சம்பளத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டுப் பிள்ளையை மாமியாரிடம் தள்ளிவிடுபவரும் இருக்கத்தான் செய்கிறார். அவரை வரலாற்றின் பெயரால் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால், உழைப்பதற்காகப் பிரிந்திருப்பவரையும் கைவிட்டவரையும் பிரித்தறிய வேண்டுமானால், கடமைகளை யார் செய்கிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். பட்டியலைப் பார்த்தால் இருவரும் ஒன்றாகவே தெரிவார்கள்.

இரண்டாவது: "பாட்டி வளர்த்தால் போதும் என்கிறீர்களா?" போதும் என்று நான் சொல்லமாட்டேன். எட்டாம் படியின் உடம்போடு நான்காம் படியின் வேலையைச் செய்பவர் அவர். தம் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பேரனுக்குக் காலணி வாங்குபவர். மேலும், இந்த ஏற்பாடு எப்போதும் கிடைக்கப் போவதில்லை. 1970இல் ஒரு மலேசியப் பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஐந்து பிள்ளைகள். அண்மைய ஆண்டுகளில் அது இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. இந்தியர்களிடையே அதனினும் குறைவு. வகுப்பில் உறவுமுறைப் பாடம் நடத்தும்போது, பெரியப்பா, சித்தி, அத்தை ஆகிய சொற்களுக்கு உரியவர் எவரும் தனக்கு இல்லை என்று சொல்லும் பிள்ளைகளைக் காண்கிறேன். நாளை இப்பிள்ளைகள் பெற்றோராகும்போது, கைகொடுக்கச் சித்தியும் இருக்கமாட்டார், மாமாவும் இருக்கமாட்டார். அப்போது பள்ளியின் பொறுப்பு இன்னும் கூடும். இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

செய்யக்கூடியவை

ஆசிரியர்களின் வேலைப்பளுவை நான் அறிவேன். எனவே சிறியவற்றையே முன்வைக்கிறேன்.

அதிகாரப்பூர்வப் பாரத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் நம் சொந்தக் குறிப்பேட்டில் ஒவ்வொரு மாணவனின் பெயருக்கு நேரே, மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி வைக்கலாம். ஒரு வகுப்புக்கு இரண்டு நாள் வேலை. வகுப்பின் புலனக் குழுவில் தாய் இருப்பார். ஆனால் நாளை வண்ணத்தாள் கொண்டுவர வேண்டும் என்ற செய்தி பாட்டிக்குத்தான் தேவை. அவரிடம் சாதாரணக் கைப்பேசி மட்டுமே இருந்தால், மாணவனின் கையேட்டில் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பாட்டி தாத்தாக்களுக்கும் நாற்காலி போட்டு, பெயர் சொல்லி வரவேற்போம். "அம்மாவை அழைத்து வா" என்று மாணவனிடம் சொல்வதற்கு முன், அம்மா எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம்.

வெளியூரில் பணிபுரியும் பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டில் மாற்றம் நிகழும் முன்பு வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வேலை மாற்றம், புதுப் பிள்ளை, பாட்டியின் அறுவை சிகிச்சை, பிரிவு எதுவானாலும் சரி. காரணம் தெரியாவிட்டால், திடீரென்று மந்தமாகிவிட்ட பிள்ளையைச் சோம்பேறி என்றே நாங்கள் முடிவு செய்வோம். பணம் அனுப்பும் நாளை மறக்காதது போலவே, பிள்ளையோடு பேசும் நேரத்தையும் மறவாதீர்கள். உங்கள் தாயாரின் கண்ணையும் காலையும் விசாரியுங்கள். உங்கள் பிள்ளையின் படிப்பு அவற்றை நம்பியே இருக்கிறது.

இறுதியாக அந்தக் கட்டுரை. அடுத்த ஆண்டு நான் மாதிரி வாக்கியங்களை எழுதிப் போடவில்லை. "உன்னைப் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றி எழுது" என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் ஆண்டுக்குச் சென்றுவிட்ட அந்த மாணவனையும் ஓய்வு நேரத்தில் அழைத்து எழுதச் சொன்னேன். நெடுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு எழுதினான்: "என் குடும்பத்தில் நாலு பேர் இருக்கிறது. நானும் பாட்டியும் கோப்பெங். அம்மா பினாங்கு. அப்பா சிங்கப்பூர்."

"இருக்கிறது" என்பதை "இருக்கிறார்கள்" என்று திருத்தினேன். வேறெதையும் திருத்தவில்லை.

உங்கள் பள்ளியிலும் இத்தகைய பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் பட்டறிவையும் மாற்றுக் கருத்தையும் தெரிவித்தால் மகிழ்வேன். சிந்திப்போம், செயல்படுவோம்.